குடல்வாழ் உயிர்களும் தன்னுடலைத் தாக்கும் நோய்களும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் தேரிமணலும் பனங்காடுமாகக் கிடக்கும் குலசேகரன்பட்டினத்தில், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உண்ட ஆகாரத்தையும் இன்று அவருடைய பேரப்பிள்ளை உண்ணும் ஆகாரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இடையில் கழிந்தவை இரண்டு தலைமுறைகள்தாமா என்ற ஐயம் எழும். காலையில் நீராகாரமும் பழைய சோறும், தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும், வேனிலில் பதநீரும் நுங்கும், தை பிறந்தால் அவித்த பனங்கிழங்கும், இனிப்புக்குப் பக்கத்து உடன்குடியின் கருப்பட்டியும் என்றிருந்த இடத்தில், இன்று பெட்டிக்கடைதோறும் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட் தீனியும், இரவுக்குப் பரோட்டாவும், புட்டியில் அடைத்த இனிப்பு நீரும் வந்துவிட்டன. 2024 பிப்ரவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்ட குலசையில் ஆகாரம் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆயினும், இத்தகைய மாறுதல் நம் குடலில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களை மாற்றுகிறதா, அவற்றின் மாற்றம் முடக்குவாதம், பெருங்குடல் புண், முதல் வகை நீரிழிவு போன்ற, உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் வியாதிகளுக்கு வழி திறக்கிறதா என்ற கேள்வி, கடந்த இருபது ஆண்டுகளில் மருத்துவ ஆராய்ச்சியின் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. அக்கேள்வியை மேல்நாட்டு ஆய்வுகளைக் கொண்டு மட்டும் தீர்க்கப் புகுவோர் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்கள் என்பதும், தென்னிந்தியாவிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் கிடைத்த சான்றுகள் அம்முடிவுகளில் சிலவற்றை உறுதிப்படுத்தி, சிலவற்றைத் தலைகீழாகவே புரட்டிவிட்டன என்பதும் இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம்.

நம் சரீரத்தில் நம்முடைய செல்களைப் போல் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் உண்டு என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2016-இல் இஸ்ரேலில் ரான் மிலோவும் அவருடைய சகாக்களும் மறுபடி எண்ணிப் பார்த்தபோது, மனித செல்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி என்றும், பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி என்றும், அவையனைத்தும் சேர்ந்து 200 கிராம் அளவே எடையுள்ளவை என்றும் கணக்கு வந்தது. எண்ணிக்கை குறைந்தாலும் விஷயத்தின் கனம் குறையவில்லை. ஏனெனில் இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன, நம் நோய் எதிர்ப்புச் செல்களின் பெரும்பங்கும் குடற்சுவரிலேயே குடிகொண்டிருக்கிறது, இரு தரப்புக்கும் நடுவே ஒரே ஒரு செல் கனமுள்ள ஒரு தோலும் அதன்மேல் படர்ந்த சளிப்படலமுமே காவல் நிற்கின்றன. சரீரம் தனக்கே விஷமாவதை இயற்கை ஒருபோதும் அனுமதிக்காது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிஷ் கருதினார். அனுமதிக்கிறது என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று. எதிர்ப்புச் சக்திக்குப் பகையையும் உறவையும் பிரித்தறியக் கற்பிக்கும் ஆசான்களில் குடல்வாழ் உயிர்களும் அடங்கும் என்பது அதற்கும் பிந்தித் தெரியவந்த செய்தி.

இதற்கு முதல் நிரூபணம் விலங்குகளிடமிருந்து கிடைத்தது. முதுகெலும்பை இறுக்கும் வாதநோயோடு சம்பந்தப்பட்ட எச்.எல்.ஏ.-பி27 என்னும் மனித மரபணுவை எலிகளில் புகுத்தினால் அவற்றுக்கு மூட்டுவீக்கமும் குடலழற்சியும் தோன்றும். ஆனால் கிருமி என்பதே அண்டாத கூண்டில் அதே எலிகளை வளர்த்தபோது அவ்விரண்டும் தோன்றவில்லை என்று 1994-இல் டாராக் குழுவினர் கண்டனர். பரம்பரை துப்பாக்கியில் மருந்து கெட்டித்து வைத்தாலும் விசையை இழுக்க ஒரு கிருமி வேண்டியிருந்தது. 2009-இல் நியூயார்க்கில் டான் லிட்மனின் ஆய்வகத்தில் இவானோவ், எலிக்குடலில் ஒட்டி வாழும் இழைவடிவ பாக்டீரியா ஒன்று மட்டுமே டி.எச்.17 என்னும் அழற்சிச் செல்களைப் பெருக்கவல்லது என்று காட்டினார். மறு ஆண்டே அந்தப் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளில் வாதம் தோன்றுவதும் தெரிந்தது. ஜப்பானில் கென்யா ஹோண்டாவின் குழு இதன் மறுபக்கத்தைத் திறந்தது: குளோஸ்ட்ரிடியா இனத்துச் சில பாக்டீரியாக்கள் அழற்சியை அடக்கும் டி-ரெக் செல்களை வளர்க்கின்றன என்று 2011-இல் அறிவித்தனர். அவை அதை எவ்வாறு செய்கின்றன என்பதற்கு 2013-இல் பல ஆய்வகங்கள் ஒருங்கே விடை கண்டன. நாம் செரிக்க மாட்டாமல் பெருங்குடலுக்கு அனுப்பும் நாரையும் மாவுச்சத்தையும் இவ்வுயிர்கள் புளிக்கவைத்து, பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவ்வமிலங்கள் பெருங்குடல் செல்களுக்கு ஆகாரமாவதோடு, அடக்கும் செல்கள் பிறப்பதற்கும் துணைபுரிகின்றன. நார் குறைந்த ஆகாரத்தை உண்பவன் தன்னைப் பட்டினி போடாமலே தன் குடல்வாழ் உயிர்களைப் பட்டினி போடுகிறான் என்று சொல்வது மிகையாகாது.

மனிதக் குடலின் கிருமிகளைப் பற்றிய கவலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று, டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது வேலூரில் தொடங்கிவிட்டது. 1960-களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஓயாத வயிற்றுப்போக்கும், உடல் மெலிவும், இரத்த சோகையுமாகக் கொத்துக்கொத்தாக மக்களைப் பிடித்த ட்ராபிகல் ஸ்ப்ரூ என்னும் நோயை, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார்கள். உண்ட சத்தைச் சிறுகுடல் உறிஞ்ச இயலாமல் போகும் அந்நோய், ஃபோலிக் அமிலத்தோடு டெட்ராசைக்ளின் போன்ற ஆண்டிபயாட்டிக் மருந்தும் கொடுத்தால் தணியும்; ஆகவே கிருமிகளுக்கு அதில் பங்குண்டு என்ற அனுமானம் பிறந்தது. ஆயின் அவர்கள் கண்டவற்றுள் இன்றைய கேள்விக்கு மிகவும் பயன்படுவது நோயாளிகளைப் பற்றியதன்று. ஒரு குறையும் சொல்லாமல் உழுதும் அறுத்தும் வாழ்ந்துகொண்டிருந்த கிராமவாசிகளின் சிறுகுடலிலும் உறிஞ்சிகள் மேல்நாட்டாருடையதைவிடக் குட்டையாகவும் மழுங்கியும் இருந்தன என்பதும், நோயற்ற தென்னிந்தியரின் மேல்குடலிலேயே பாக்டீரியாக்கள் தாராளமாகக் குடியிருந்தன என்று 1972-இல் அவர்கள் குழு வெளியிட்டதுமே ஆகும். ஆரோக்கியமான குடல் என்றால் என்ன என்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் செல்லாது என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. அதை ஐம்பது ஆண்டு கழித்து வந்தவர்கள் புதிதாகக் கண்டதுபோல் கொண்டாடுவது சற்று வேடிக்கைதான்.

அதே கல்லூரியில் பின்னர் பி. எஸ். ராமகிருஷ்ணா செய்த ஒரு சோதனை, முன்சொன்ன கொழுப்பு அமிலங்களின் வலிமையை நோயாளியின் படுக்கையருகே காட்டிற்று. காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அதைக் கொழுப்பு அமிலங்களாக்க, அவ்வமிலங்கள் உப்பையும் நீரையும் உள்ளிழுத்துக்கொள்ள, வயிற்றுப்போக்கின் அளவும் காலமும் குறைந்தன. இது 2000-இல் வெளிவந்தது. சோற்றை வடித்து ஆறவிட்டால் அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு இதே வகையாகச் செரிக்காத தன்மை பெறுகிறது என்பதும், நீரூற்றி இரவெல்லாம் வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் பெருகுகின்றன என்பதும் தெரிந்தவையாதலால், பழைய சோற்றின்மேல் மருத்துவர்களின் கண் விழுந்ததில் வியப்பில்லை. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர், குடலழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு பயன்படுமா என்ற ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன், பாட்டிமார் அறிந்ததைப் பட்டதாரிகள் இப்போதுதான் கண்டார்கள் என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே ஏராளம். பழைய சோறு நல்ல ஆகாரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. குருதியும் சளியுமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒருவன் மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்பலாம் என்பதற்கு மட்டும் இம்மியும் ஆதாரமில்லை.

பெருங்குடல் புண்ணும், குடலின் எப்பகுதியையும் அரிக்கும் கிரோன் நோயும் வெள்ளையருடைய வியாதிகள் என்றும், நமக்குக் குடல்காசமே உண்டு என்றும் நம் மருத்துவக் கல்லூரிகளில் வெகுநாள் போதிக்கப்பட்டது. அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர்கள் கடல் கடந்து சென்றவர்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய இந்தியரிடையே, பின்னாளில் சென்னை ஸ்டான்லியில் பணியாற்றிய வி. ஜெயந்தியும் ஆங்கில மருத்துவர்கள் சிலரும் நடத்திய கணக்கெடுப்பு 1992-இல் வெளியாயிற்று. அங்குள்ள இந்துக்களிடமும் சீக்கியர்களிடமும் பெருங்குடல் புண் ஐரோப்பியரிடம் காண்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கும் அதற்கு மேலுமாகத் தோன்றிக்கொண்டிருந்தது. உள்நாட்டில் லூதியானாவில் சூதும் மிதாவும் வீடுவீடாகச் சென்று எண்ணியதன் முடிவு 2003-இல் வந்தபோது, லட்சம் பேரில் 44 பேருக்கு அந்நோய் இருந்தது. பரம்பரையே காரணமாயின், ஐரோப்பியரிடம் கிரோன் நோயோடு பிணைந்த நாட் 2 மரபணு மாறுபாடுகள் இந்திய நோயாளிகளிடமும் காணப்பட வேண்டும். அவை இங்கே நோயோடு சம்பந்தப்பட்டனவாக இல்லை என்று இந்திய ஆய்வுகள் தெரிவித்தன. மரபணு விலகி நிற்கிறது. கடலைக் கடந்த ஒரு தலைமுறைக்குள் நோய் ஏறுகிறது. ஆகவே ஆகாரம், நீர், மருந்து, வாழ்விடம் ஆகியவை குடல்வாழ் உயிர்கள் வழியாகச் செயல்படுகின்றன என்ற அனுமானம் இவ்விடத்தில் மிகவும் வலுப்பெறுகிறது. அழற்சியை அடக்குவதாகப் பாரிசில் 2008-இல் கண்டறியப்பட்ட ஃபீக்கலிபாக்டீரியம் என்னும் உயிர் அடங்கிய குளோஸ்ட்ரிடியம் லெப்டம் குழு, குடலழற்சி கொண்ட இந்திய நோயாளிகளிடம் குறைந்திருப்பதாக 2013-இல் வேலூர்க் குழுவினரும் தெரிவித்தனர்.

பாக்டீரியாக்களை மட்டும் பேசிப் புழுக்களை மறப்பது முறையாகாது. 1968-இல் நைஜீரியாவின் இபாதான் மருத்துவமனையில் பணிபுரிந்த பிரையன் கிரீன்வுட், அங்கே முடக்குவாதம் போன்ற நோய்கள் மிக அரிதாயிருப்பதைக் கண்டு, மலேரியா முதலிய ஒட்டுண்ணி நோய்கள் அதற்குக் காரணமாயிருக்கலாம் என்றார். 1989-இல் டேவிட் ஸ்ட்ராக்கன், 17,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து, மூத்த உடன்பிறப்புகள் மிகுந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மூக்கொழுகும் ஒவ்வாமை குறைவு என்று காட்டியது, சிறுவயதில் அண்டும் தொற்றுகள் இத்தகைய நோய்களைத் தடுக்கலாம் என்ற கருத்துக்குத் தூணாயிற்று. இந்தியச் சான்றுகள் இங்கே மிகவும் சுவையானவை. யானைக்கால் நோய் பரவிய ஒடிசாப் பகுதியில் முடக்குவாத நோயாளிகளைச் சோதித்த ரவீந்திரன் குழுவினர், அக்கம்பக்கத்தாரிடம் தாராளமாகக் காணப்பட்ட யானைக்கால் புழுவின் அடையாளத்தை அந்நோயாளிகளில் ஒருவரிடம்கூடக் காணவில்லை என்று 2013-இல் எழுதினார்கள். சென்னையில் முதல் வகை நீரிழிவு கொண்டவர்களிடமும் யானைக்கால் தொற்று குறைந்தே காணப்பட்டதென்று 2010-இல் வெளியாயிற்று. கொக்கிப்புழுவைச் சந்தித்த எதிர்ப்புச் சக்தியின் அடையாளம் கிரோன் நோயாளிகளிடம் குறைந்திருக்கிறது என்பது 2011-இல் வேலூர் சொன்னது. யானைக்காலால் வீங்கிய காலோடு ஆயுள் முழுதும் நடந்தவரின் துயரத்தை நேரில் பார்த்த எவரும் புழுவைத் திரும்ப அழைக்கமாட்டார்கள். புழுக்கள் எதிர்ப்புச் சக்தியை அமைதிப்படுத்தும் சூட்சுமத்தை மட்டும் பிரித்தெடுக்க முயல்வதே நியாயமான வழி, அம்முயற்சி இன்னும் பலிக்கவில்லை.

மேல்நாட்டு முடிவொன்று நம் நாட்டில் எவ்வாறு தடுமாறுகிறது என்பதற்கு முடக்குவாதத்தின் கதையைவிடப் பொருத்தமானது கிடையாது. நியூயார்க்கில் ஹோசே ஷேர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக முடக்குவாதம் தோன்றிய, சிகிச்சை தொடங்காத நோயாளிகளில் 75 சதவீதத்தினரின் மலத்தில் பிரிவோட்டெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. ஆரோக்கியமானவர்களில் 21 சதவீதத்தினரிடமே இருந்தது. பத்திரிகைகள் குற்றவாளி சிக்கிவிட்டான் என்று எழுதின. ஆனால் தானியமும் பருப்பும் காய்கறியும் மிகுதியாக உண்ணும் இந்தியரின் குடலில் பிரிவோட்டெல்லாவே பெரும்பாலும் தலைமை வகிக்கிறது என்பதை இந்திய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. நம்மிடையே முடக்குவாதமோ, டெல்லிக்கருகே மாளவியா குழுவினர் எண்ணி 1993-இல் வெளியிட்டபடி, வயது வந்தவர்களில் 0.75 சதவீதமே, அதாவது மேல்நாட்டில் உள்ள அளவை ஒட்டியதே. அந்தப் பாக்டீரியாவே நோயைப் படைக்கும் என்றிருந்தால் இந்தியர் பாதிப்பேர் கைகால் முடங்கிக் கிடக்க வேண்டும். 2019-இல் இதற்கு ஒருவாறு விளக்கம் கிடைத்தது: பிரிவோட்டெல்லா கோப்ரி என்ற ஒரே பெயருக்குள் நான்கு தனித்த கிளைகள் அடங்கியிருந்தன என்றும், மேல்நாட்டார் பெரும்பாலும் ஒன்றைத் தாங்க, மற்றை நாட்டார் பலவற்றை ஒருங்கே தாங்குகிறார்கள் என்றும் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டவர்கள் கண்டார்கள். ஊரில் சுடலைமுத்து என்ற பெயரில் நால்வர் இருக்க, ஒருவன் செய்த வம்புக்காக நால்வரையும் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போன கதையாகத்தான் இது முடிந்தது. இதற்கிடையே, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஆராயும் வீணா தனேஜா, அதே இனத்துப் பிரிவோட்டெல்லா ஹிஸ்டிகோலா எலிகளின் வாதத்தைத் தணிப்பதாக 2016-இல் காட்டினார். ஒரே குடும்பப் பெயரில் நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

மற்ற நோய்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதல் வகை நீரிழிவில், உலகிலேயே அதிகமாக அந்நோய் கண்ட பின்லாந்தின் குழந்தைகளையும், எல்லைக்கப்பால் ரஷ்யக் கரேலியாவின் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2016-இல் வந்த ஆய்வு, பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள் ஒன்று எதிர்ப்புச் சக்தியைப் பயிற்றுவிக்கும் வகையில் இரு நாட்டிலும் வேறுபடுவதைக் காட்டியது. லூபஸ் நோயில் 2018-இல், குடலைத் தாண்டி ஈரலுக்குள் புகும் ஒரு பாக்டீரியா எலிகளில் நோயைத் தூண்டுவது தெரிந்தது. தமிழ்நாட்டில் 2019-21-இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவை வழியாக நடப்பதால், தாயின் கிருமிகளைப் பிறப்பிலேயே பெறாத குழந்தைகளின் எதிர்காலம் என்னவாகும் என்ற அச்சம் எழுகிறது. அக்குழந்தைகளின் குடல்வாழ் உயிர்கள் முதல் மாதங்களில் வேறுபடுவது உண்மை, அவ்வேறுபாட்டை மட்டும் கொண்டு தன்னெதிர்ப்பு நோயை முன்கூட்டிச் சொல்வது அவசரம்.

அவசரம் இத்துறையின் பொதுக்குணமாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். நோயாளியின் மலத்தில் ஒரு கிருமி மிகுந்திருந்தால் அது நோயின் காரணமா, நோயின் விளைவா, நோய்க்கு உண்ட மருந்தின் விளைவா, நோயால் மாறிய ஆகாரத்தின் விளைவா என்பதைப் பிரித்தறிய எளிய வழியில்லை. நோயாளியின் மலத்தைக் கிருமியற்ற எலிக்கு ஊட்டி, எலிக்கும் நோய் வந்தது என்று காட்டுவது வழக்கமான நிரூபணமாக இருக்கிறது. ஆனால் அவ்வகை ஆய்வுகளில் 95 சதவீதம் வெற்றி பெற்றதாகவே வெளியாகியிருப்பதைச் சுட்டிக்காட்டிய ஜென்ஸ் வால்டர், இத்தனை வெற்றி நம்பத்தக்கதன்று என்று 2020-இல் எச்சரித்தார். சான்றின் வலுவை வரிசைப்படுத்தினால் குடலழற்சியே முன்னிற்கிறது. மூட்டுவாதம் வெகுதூரம் பின்னே வருகிறது. மூளையையும் தோலையும் பற்றியவை இன்னும் தள்ளியே நிற்கின்றன. பழைய ஆகாரமெல்லாம் நல்லது, புதியதெல்லாம் கெட்டது என்ற எளிய தீர்ப்பும் நிலைக்காது: உப்பு மிகுந்த ஆகாரம் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்களைக் குறைத்து டி.எச்.17 செல்களைப் பெருக்குவதை எலிகளிலும், ஒரு சிறு சோதனையில் மனிதர்களிலும் 2017-இல் கண்டிருக்கிறார்கள். உப்பளங்களுக்கிடையே கருவாட்டைக் கடித்து வளர்ந்த கடற்கரையார் தம் முன்னோர் உணவைப் புகழும்போது இதையும் நினைவில் கொள்ளலாம். கடைகளில் விற்கும் புரோபயாட்டிக் மாத்திரைகளைப் பற்றியோ, கிரோன் நோய்க்கும் பெருங்குடல் புண்ணுக்கும் அவற்றை ஆராய்ச்சிக்கு வெளியே கொடுக்கவேண்டாம் என்று அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கமே 2020-இல் கூறிவிட்டது.

இத்தனை ஐயங்களுக்கு நடுவிலும் உறுதியான பலன் கண்ட ஒரு சிகிச்சை உண்டு. கேட்போர் முகஞ்சுளிக்கும் சிகிச்சைதான். ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து நோயாளியின் குடலில் செலுத்தும் முறை, ஆண்டிபயாட்டிக் மருந்தால் கிருமிச்சமநிலை குலைந்து வரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் வயிற்றுப்போக்கைப் பெரும்பாலோரிடம் குணப்படுத்துவதை 2013-இல் ஹாலந்து மருத்துவர்கள் ஐயமற நிறுவினார்கள். பெருங்குடல் புண்ணுக்கு அதையே இந்தியாவில் சோதித்தவர்கள் ஒரு புதுமை செய்தார்கள். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் வினீத் அகூஜா, சவுரப் கேடியா ஆகியோர் தலைமையில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், லேசானதும் நடுத்தரமானதுமான நோய் கொண்ட 66 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருந்தின் அளவு கூட்டப்பட்டது; மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறையாக ஏழு வாரம் இச்சிகிச்சையும், அழற்சியைத் தணிக்கும் பத்திய ஆகாரமும் தரப்பட்டன; மலம் கொடுத்தவர்கள் நகரவாசிகளல்லர், கிராமவாசிகள் பலர். எட்டு வாரத்தில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 60 சதவீதத்தினர் நோய்க்குறி நீங்கப் பெற்றார்கள். மருந்துத் தரப்பில் அது 32 சதவீதம். ஓராண்டு வரை பத்தியத்தைத் தொடர்ந்தவர்களில் நால்வரில் ஒருவருக்குக் குடலின் உட்சுவரும் ஆறியிருந்தது. மறுதரப்பில் எவருக்கும் ஆறவில்லை. செலுத்திய உயிர்கள் நிலைத்து வாழ அவற்றுக்கேற்ற ஆகாரமும் வேண்டும் என்ற எண்ணம் இச்சோதனையில் இருப்பதால்தான் இதை மற்ற நாட்டுச் சோதனைகளுக்கு மேலாக மதிக்கிறேன். ஆனால் பலன் பத்தியத்தால் எவ்வளவு, மலத்தால் எவ்வளவு என்பதை இவ்வொரு சோதனையே பிரித்துச் சொல்லிவிடாது.

இனி இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. 2019-இல் அமெரிக்காவில் இச்சிகிச்சை பெற்ற ஒருவர், கொடுத்தவரின் மலத்தோடு வந்த, பல மருந்துகளுக்கு மடங்காத ஈ. கோலை பாக்டீரியா இரத்தத்தில் பரவி இறந்துபோனார். அதன்பின் கொடுப்பவர்களை அத்தகைய கிருமிகளுக்காகச் சோதிக்க வேண்டும் என்று அந்நாட்டு அதிகாரிகள் விதித்தார்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமலே ஆண்டிபயாட்டிக் வாங்கக் கூடிய நம் நாட்டில், ஒரு நோயுமற்ற மனிதர்களின் குடலிலும் மருந்துக்கு மடங்காத ஈ. கோலை சர்வசாதாரணமாகக் காணப்படுகிறது. நாரும் கஞ்சியும் உண்டு, பாக்கெட் தீனி அதிகம் தொடாத கிராமவாசியின் குடல்வாழ் உயிர்களே நோயாளிக்கு மிக உகந்தவை என்று டெல்லியின் அனுபவம் சொல்ல, அந்தக் கிராமவாசியும் காய்ச்சலுக்கு இரண்டு நாள் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மிச்சத்தைப் பரணில் வைத்திருப்பவராக இருக்கிறார். கொடுப்பவர்களைக் கடுமையாகச் சோதித்து வடிகட்டினால் பலர் தள்ளுபடியாவார்கள்; வடிகட்டாமல் விட்டால் ஆபத்து. இவ்விரண்டுக்கும் நடுவே எந்த அளவில் கோடு போடுவது என்பதை மேல்நாட்டு விதிகளைப் பெயர்த்தெழுதித் தீர்க்க இயலாது. வட ஆர்க்காட்டில் பேக்கரும் மாத்தனும் செய்ததுபோல, ஊர் ஊராக நோயற்ற மக்களின் குடலில் என்ன குடியிருக்கிறது என்பதை முதலில் எழுதிவைத்தாக வேண்டும்.